பிளக் ஃபியூஸ் (பிரித்தானிய முறை)

மூன்று செவ்வகக் கால் பிளக்கினுள் பொருத்தப்பட்டு, சாதனத்தின் வயரில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் உருகி இணைப்பைத் துண்டிக்கும் சிறு ஃபியூஸ். பி.எஸ். 1362 தரநிலைக்கு உட்பட்டது. 25.4 மி.மீ. நீளப் பீங்கான் குழலுக்குள் மெல்லிய கம்பியும் தீப்பொறியை அணைக்கும் மணலும் இருக்கும்.

அளவுத் தேர்வு: ஃபியூஸ் முதன்மையாகக் காப்பது வயரையே; சாதனத்தை அன்று. பலரும் தவறாகக் கொள்ளும் இடம் இது. சாதனத்தின் வாட்டை மின்னழுத்தமான 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். அதற்கு அடுத்த மேல் அளவைக் கொள்ள வேண்டும். 60 வாட் மேசை விளக்குக்கு 0.26 ஆம்பியர், 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். 2,000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 8.7 ஆம்பியர், 13 ஆம்பியர் தேவை. பொதுவாக 700 வாட் வரை 3 ஆம்பியர் (சிவப்பு), அதற்கு மேல் 13 ஆம்பியர் (பழுப்பு). 0.5 சதுர மி.மீ. வயருக்கு 13 ஆம்பியர் ஃபியூஸ் போடுவது ஆபத்தானது: அந்த ஃபியூஸ் 20 ஆம்பியரையும் அரை மணி நேரம் தாங்கும், அதற்குள் வயர் சூடேறி உறை இளகக்கூடும். மோட்டார் சாதனங்கள் தொடங்கும்போது கூடுதல் மின்னோட்டம் இழுப்பதால், தயாரிப்பாளர் குறித்த அளவே இறுதியானது.

வரலாறு: போருக்குப் பிந்தைய பிரித்தானிய வீடுகளில் 30 ஆம்பியர் வளையச் சுற்று (பல சாக்கெட்டுகளை ஒரே வளையமாக இணைக்கும் மின்கம்பி அமைப்பு) வந்தது. அதன் பொது ஃபியூஸ் மெல்லிய வயரைக் காக்காது என்பதால், 1947இல் வெளியான பி.எஸ். 1363 பிளக்கிலேயே ஃபியூஸ் இடம்பெற்றது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதே பிளக் புழங்குகிறது.