ஓராண்டின் விலை

1917இல் அண்ணல் அம்பேத்கர் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். தேர்வில் தோற்கவில்லை. பரோடா அரசு தந்த உதவித்தொகையின் காலம் முடிந்திருந்தது, அவ்வளவுதான். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிக்கலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதித்தது. ஆனால் அனுமதிக் கடிதம் கப்பல் கட்டணம் ஆகாது. சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய ஐயாயிரம் ரூபாய் கடன் எல்லாம் சேர்ந்து 1920இல்தான் அவரால் மறுபடியும் கப்பலேற முடிந்தது.

'எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்' என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை பேசும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்றாண்டு இடைவெளிதான் நினைவுக்கு வருகிறது. அவர் திரும்பிவிட்டார். திரும்ப முடியாதவர்களுக்கு வரலாறு எழுதப்படுவதில்லை.

பட்டப்படிப்பு மூன்றாண்டுதான் என்று யாரும் கல்வெட்டில் பொறித்து வைக்கவில்லை. அம்பேத்கர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்த காலத்தில் மெட்ரிகுலேஷனுக்குப் பிறகு இண்டர்மீடியட் இரண்டாண்டு, பி.ஏ. இரண்டாண்டு. 1943இல் மாரிஸ் குவையர் துணைவேந்தராக இருந்தபோது தில்லிப் பல்கலைக்கழகம் இதை மாற்றியது. இண்டர்மீடியட்டின் ஓராண்டு பள்ளிக்குப் போனது, இன்னொன்று பட்டத்தோடு சேர்ந்து மூன்றாண்டு ஆனது. மொத்த ஆண்டுகள் கூடவில்லை. பிறகு கோத்தாரி குழு சொன்ன 10+2+3 வந்தபோது தில்லியில் ஓராண்டு கூடியது உண்மைதான். ஆனால் அது பள்ளியில் கூடியது.

அந்த வேறுபாடு சின்னதல்ல. தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ வந்ததை எண்ணிப் பாருங்கள். அதற்கு முன்பு பி.யு.சி. படிக்கக் கல்லூரி உள்ள ஊருக்குப் போக வேண்டும். பக்கத்தில் மேல்நிலைப் பள்ளி வந்த பிறகு சேரிப் பிள்ளை வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே அந்தப் படிப்பைப் படித்தது.

2013இல் தில்லிப் பல்கலைக்கழகம் செய்தது இதற்கு நேர்மாறு. அதுவரை மூன்றாண்டில் கிடைத்த ஆனர்ஸ் பட்டத்துக்கு நான்காண்டு என்றது. இரண்டாண்டில் இறங்கினால் டிப்ளமோ, மூன்றாண்டில் இறங்கினால் வெறும் பட்டம். அதோடு எல்லாருக்கும் கட்டாயமாகப் பதினோரு அடித்தளப் பாடங்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் தெருவில் இறங்கினார்கள். 2014 ஜூனில் யுஜிசி தலையிட, திட்டம் திரும்பப் பெறப்பட்டது. சேர்ந்திருந்த பிள்ளைகள் பழையபடி மூன்றாண்டுப் படிப்புக்கு மாற்றப்பட்டார்கள். வெற்றி என்று கொண்டாடினோம். எட்டே ஆண்டில், 2022இல், அதே நான்காண்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது.

எம்.ஏ. ஓராண்டாகக் குறைவதால் மொத்தம் ஐந்தாண்டுதானே என்பார்கள். எம்.ஏ. வரை போகிறவருக்குக் கணக்கு சரி. ஆண்டுக்கு 2.5 லட்சம் வருமான வரம்புக்குள் வாழும் வீட்டில், எப்போது கைக்கு வரும் என்று தெரியாத உதவித்தொகையை நம்பிப் படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு? தில்லியில் அறை வாடகை மாதாமாதம் கேட்கும்.

காசு புரட்டிவிட்டாலும் இன்னொரு வேலி இருக்கிறது. நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் வேண்டுமானால் முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு வேண்டும் என்கிறது யுஜிசியின் 2022 கட்டமைப்பு. ஆங்கிலப் பாடப்புத்தகத்தை முதன்முதலாகக் கல்லூரியில் தொடும் பிள்ளைக்கு அந்த ஆறு பருவங்களில் முதல் இரண்டு எப்படிப் போகும் என்று நம்மில் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2022இல் சேர்ந்த முதல் அணி 2025இல் நான்காம் ஆண்டுக்குள் போனது. முதலாண்டில் சான்றிதழோடு போனவர்கள் எத்தனை பேர், இரண்டாம் ஆண்டில் டிப்ளமோவோடு எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடப் பத்து ரூபாய்தான் கட்டணம். தில்லியில் படிக்கும் தோழர்கள் கல்லூரிவாரியாக, சாதிவாரியாகப் பிரித்துக் கேளுங்கள். 'அப்படிப்பட்ட விவரம் பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.