495-ம் 450-ம்: ஒரு கொழுப்புக் கணக்கின் பயணம்

எடையைக் குறைத்தவர்கள் அடுத்து விசாரிப்பது உடல் கொழுப்பு எத்தனை சதவீதம் என்பதைத்தான். அதைச் சொல்ல கைப்பேசியில் கால்குலேட்டர்கள் ஏராளம். உயரம், கழுத்துச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் கொடுத்தால் 22.6 என்று புள்ளி வைத்துச் சொல்லிவிடும். உள்ளே ஓடும் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் கடைசிப் படி பெரும்பாலும் ஒன்றுதான்: 495-ஐ உடலின் அடர்த்தியால் வகுத்து, 450-ஐக் கழி. இந்த இரண்டு எண்களும் நம் வீட்டுக்கு வருவதற்கு முன் கடற்படை, அணு ஆராய்ச்சிக் கூடம், தோல் கிள்ளும் இடுக்கி எல்லாவற்றையும் பார்த்துவிட்டன.

முதலில் கடற்படை. ஆழத்தில் மூழ்கி வேலை செய்பவர்கள் அவசரமாக மேலே வந்தால், ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பொங்கும். ஆளையே முடக்கிவிடும், கொல்லவும் செய்யும். நைட்ரஜன் தண்ணீரைவிட கொழுப்பில் சுமார் ஐந்து மடங்கு கரையும். ஆகவே ஒரு முக்குளிப்பவரின் உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்பது அழகுப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கி இதில் இறங்கியது அதனால்தான். உயிரோடு இருப்பவரைக் கீறிப் பார்க்க முடியாது. கைகொடுத்தது ஆர்க்கிமிடீஸின் பழைய வழி. ஆளைத் தரையில் ஒரு முறை எடை பார். தொட்டிக்குள் முழுவதும் மூழ்கவைத்து, நுரையீரல் காற்றை ஊதித் தள்ளச் சொல்லி இன்னொரு முறை எடை பார். வித்தியாசத்திலிருந்து உடலின் கன அளவும், அதிலிருந்து அடர்த்தியும் வந்துவிடும்.

1942-ல் பென்கியின் குழு வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் சிலரும் தொட்டிக்குள் இறங்கினார்கள். உயரத்துக்கு இவ்வளவுதான் எடை என்ற ராணுவ அட்டவணைப்படி அவர்களில் பெரும்பாலோர் 'தகுதியற்ற குண்டர்கள்'. தண்ணீருக்குள் எடை பார்த்தபோது கனமெல்லாம் தசை என்று தெரிந்தது. எடை வேறு, கொழுப்பு வேறு என்பதை எண்களோடு நிறுவியது அந்தத் தொட்டிதான்.

தொட்டி தந்தது அடர்த்தியை. அதைச் சதவீதமாக மாற்றிக் கொடுத்தவர் கலிபோர்னியாவின் பெர்க்லி அணு ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த உயிர் இயற்பியலாளர் வில்லியம் ஸிரி. சும்மா ஆய்வுக்கூடத்தில் அடைந்து கிடந்தவர் அல்ல. 1954-ல் மகாலு சிகரத்துக்குப் போன கலிபோர்னியக் குழுவுக்குத் தலைவர். 1963-ல் எவரெஸ்ட் தொட்ட அமெரிக்கக் குழுவுக்குத் துணைத் தலைவர். இடையில், 1956-ல், இந்தக் கணக்கைப் போட்டார்.

கணக்கு எளிமையானது. ஒரு லிட்டர் கொழுப்பு 900 கிராம். கொழுப்பு நீங்கலாக உடம்பில் உள்ள தசை, எலும்பு, நீர் எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் 1,100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டின் கலவைதான் மனிதன் என்றால், அடர்த்தி தெரிந்தவுடன் கொழுப்பின் பங்கு தெரிந்துவிடும். அந்த 0.9-ஐயும் 1.1-ஐயும் வைத்துச் சுருக்கினால் வருபவைதான் 495-ம் 450-ம். சரிபார்க்க விரும்புபவர்கள் பார்க்கலாம்: அடர்த்தி 1.1 என்றால் விடை பூஜ்யம், 0.9 என்றால் விடை 100.

வைத்துக்கொள்வோம் என்றேனே, சிக்கல் அங்கேதான். கொழுப்பின் அடர்த்தி ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது. மற்றதன் அடர்த்தி மாறும். வயதானால் எலும்பில் சுண்ணாம்பு குறையும். குழந்தைகளின் உடம்பில் நீர் அதிகம். விளையாட்டு வீரரின் எலும்பும் தசையும் வேறு கதை. அந்த 1.1 உருவானது மிகச் சில சடலங்களை அறுத்துப் பார்த்த தகவல்களின் மேல். இறுகிய உடம்புக்காரர்கள் சிலருக்கு இந்தச் சமன்பாடு பூஜ்யத்துக்குக் கீழே விடை சொன்னதும் உண்டு. கொழுப்பே இல்லை என்றல்ல, கொழுப்பில் கடன் என்று! தன் கணக்கு ஒரு தனி ஆளுக்குச் சுமார் 4 புள்ளி வரை தவறலாம் என்பதை ஸிரியே கணித்துச் சொல்லியிருந்தார். சமன்பாடு ஊர் ஊராகப் போனது. அந்த எச்சரிக்கை பெர்க்லியிலேயே தங்கிவிட்டது. என்னுடைய மனக்குறை இது ஒன்றுதான்.

எல்லோருக்கும் தொட்டி கட்ட முடியாதே. அடர்த்தியைக் குறுக்கு வழியில் ஊகிக்கும் வேலை தொடங்கியது. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைக் கிள்ளி, இடுக்கியால் மடிப்பின் தடிமன் அளப்பது ஒரு வழி. 1974-ல் கிளாஸ்கோவில் டர்னினும் வொமர்ஸ்லியும் 16 முதல் 72 வயது வரையிலான 481 ஆண் பெண்களை, மேல்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்புக்குக் கீழ், இடுப்பெலும்புக்கு மேல் என நான்கு இடங்களில் அளந்தார்கள். அந்த மில்லிமீட்டர்களிலிருந்து அடர்த்தி. அடர்த்தியிலிருந்து ஸிரி வழியாகச் சதவீதம். இன்று சில நூறு ரூபாய்க்கு பிளாஸ்டிக் இடுக்கி கிடைக்கிறது. வாங்க வேண்டாம் என்பேன். ஒரு விரல்கடை தள்ளிக் கிள்ளினால் எண் மாறும். தன் முதுகைத் தானே கிள்ளி அளக்கவும் முடியாது.

அடுத்தது டேப். மறுபடியும் கடற்படைதான். 1984-ல் சான் டியேகோவில் உள்ள கடற்படைச் சுகாதார ஆய்வு மையத்தில் ஹாஜ்டனும் பெக்கட்டும் சுற்றளவுகளிலிருந்து அடர்த்தியை ஊகிக்கும் வாய்பாட்டைத் தந்தார்கள். ஆண்களுக்குக் கழுத்து, தொப்புள் மட்டத்து வயிறு, உயரம். பெண்களுக்கு வயிற்றுக்குப் பதில் இடையின் மிகக் குறுகிய இடம், அதோடு பிட்டச் சுற்றளவும். கைப்பேசிக் கால்குலேட்டரில் ஓடுவது இதுதான். 168 செ.மீ. உயரம், 37 செ.மீ. கழுத்து, 90 செ.மீ. வயிறு உள்ள ஆணுக்கு 22.6 வரும். டேப் ஒரே ஒரு செ.மீ. தளர்ந்து 91 என்று படித்தால் 23.3. மூச்சை லேசாக உள்ளிழுத்து 88 என்று படித்தால் 21.2. ஒரு மாதம் வியர்வை சிந்தினால் கிடைக்கும் 'முன்னேற்றம்' வயிற்றை எக்கினாலே கிடைத்துவிடுகிறது.

கடைசியாக வந்தது மின்சாரம். தசையில் நீர் அதிகம், மின்னோட்டம் எளிதாகப் போகும், கொழுப்பு தடுக்கும். டோக்கியோவின் டானிடா நிறுவனம் 1992-ல் ஏறி நின்றால் கொழுப்புச் சொல்லும் மெஷினையும், 1994-ல் அதன் வீட்டு வடிவத்தையும் கொண்டுவந்தது. இன்று கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் கண்ணாடி மெஷின்கள் அதன் வாரிசுகள். ஒரு மில்லியாம்பியருக்கும் குறைந்த மின்னோட்டம் ஒரு பாதத்தில் ஏறி மறு பாதத்தில் இறங்கும். அதாவது அது முக்கியமாக அளப்பது கால்களை. நமக்கோ பிரச்சினை வயிற்றில்! மெஷின் உண்மையில் அளப்பது மின்தடையை மட்டும். மிச்சத்தை வயது, பாலினம், உயரம், எடை வைத்து ஊகிக்கிறது. சந்தேகம் இருந்தால் அதன் செயலியில் உங்கள் பாலினத்தை மாற்றிவிட்டு ஏறிப் பாருங்கள். உடம்பு அதேதான், கொழுப்பு வேறாக இருக்கும். தண்ணீர் குறைவாகக் குடித்த நாள், உடற்பயிற்சி முடித்த நேரம், ஈரப் பாதம் எல்லாமே எண்ணை ஆட்டும்.

அப்படியானால் கொழுப்பு சதவீதமே வீண் வேலையா? இல்லை. 2004-ல் லான்செட் இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரை ஒன்று போதும். புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. கொழுப்பு மட்டும் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருப்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை.

எடை குறைத்தவர்களுக்கும் இதே கண்கட்டு வித்தை நடக்கும். 82 கிலோ ஆள், கொழுப்பு 30 சதவீதம், அதாவது 24.6 கிலோ. பத்துக் கிலோ குறைக்கிறார். போனதில் ஏழரைக் கிலோ கொழுப்பு என்றால் மிச்சம் 17.1, 72 கிலோவில் அது 24 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. பட்டினி கிடந்து குறைத்ததால் ஆறு கிலோதான் கொழுப்பு, நாலு கிலோ தசை என்றால் மிச்சம் 18.6, கிட்டத்தட்ட 26 சதவீதம். எடை மெஷினில் இரண்டும் 72தான்.

தசையைக் காப்பாற்றிக்கொண்டு கொழுப்பைக் குறைக்க ரகசியம் ஏதும் இல்லை. எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு. 72 கிலோ ஆளுக்கு இது 86 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். இட்லி, சாதம், தோசை என்றே ஓடும் நாளில் இந்தக் கணக்கு ஒருக்காலும் நிறையாது; சுண்டல், பயறு, மீன், தயிர் தட்டில் ஏற வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது தசைக்கு வேலை வேண்டும். தாத்தா காலத்துத் தண்டாலும் பஸ்கியும் போதும், ஜிம் கட்டாயமில்லை. வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையாது. இடுப்பில் கட்டும் வியர்வை பெல்ட் கரைப்பது உங்கள் பணத்தை.

அளவைப் பொறுத்தவரை என் தீர்ப்பு தையல் கடை டேப்புக்குத்தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளங்கள். இந்தியர்களுக்கு எல்லை ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. '34 சைஸ் பேன்ட்தான் போடுகிறேன்' என்பது செல்லாது. பேன்ட் நிற்பது தொப்பைக்குக் கீழே. மின்சார மெஷின் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், காலையில் கழிப்பறை போய்வந்ததும், எதுவும் குடிப்பதற்கு முன், அதே மெஷினில் ஏறுங்கள். இன்றைய எண்ணை நம்பாதீர்கள். மூன்று மாதத்தில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் பாருங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அந்த மெஷினில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்த எண்ணே தேவையில்லை.