மித்ரிடேட்டசின் நச்சுமுறி மருந்து

கருங்கடலின் தென்கரையில், இன்றைய துருக்கி நாட்டுப் பகுதியில் இருந்த பொன்டஸ் அரசை ஆண்டவர் ஆறாம் மித்ரிடேட்டஸ். இவருடைய தந்தை கி.மு. 120 அளவில் சினோப் நகரில் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார். சிறுவயதில் அரியணைக்கு வந்த மகனை அந்த அச்சம் கடைசிவரை விடவில்லை. அவர் நாள்தோறும் நஞ்சு அருந்தி உடலைப் பழக்கினார் என்றும், நஞ்சைத் தின்று வாழும் பொன்டஸ் வாத்துகளின் இரத்தத்தை முறிமருந்துகளில் கலந்தார் என்றும் ரோமானிய அறிஞர் மூத்த பிளினி எழுதியுள்ளார்.

கி.மு. 63 இல், ரோமத் தளபதி பாம்பேயிடம் தோற்று, சொந்த மகனும் எதிர்த்து எழுந்த நிலையில், மித்ரிடேட்டஸ் நஞ்சு குடித்தார். உடன் குடித்த இரு மகள்கள் இறந்தனர், அவர் இறக்கவில்லை. இறுதியில் காவலன் ஒருவனைக் கொண்டு தம்மைக் கொல்லச் செய்தார். மகள்களுக்குப் பகிர்ந்தது போக எஞ்சிய நஞ்சு போதாமலும் இருந்திருக்கலாம். ஆனால் மருந்தின் புகழுக்கு இக்கதையே போதுமானதாயிற்று.

பாம்பேயின் கைக்குக் கிடைத்த குறிப்பு மிக எளியது என்கிறார் பிளினி: உலர்ந்த வாதுமைக்கொட்டை (வால்நட்) 2, அத்திப்பழம் 2, சதாப்பு இலை 20, சிறிது உப்பு; வெறும் வயிற்றில் உண்ண வேண்டும். அடுத்த நூற்றாண்டில் செல்சஸ் தரும் செய்முறையிலோ ஏறக்குறைய 36 பொருள்கள். இந்தியாவிலிருந்து கப்பலேறிய திப்பிலியும் இஞ்சியும் அவற்றுள் உண்டு, அபினும் உண்டு. பின்னர் அது 54 ஆயிற்று. பிளினி இதைக் கேலி செய்தார். நீரோ மன்னரின் மருத்துவர் அந்திரோமாக்கஸ் எண்ணிக்கையை 64 ஆக்கி, விரியன் பாம்பின் இறைச்சியையும் சேர்த்தார். இதுவே ‘தெரியாக்’ எனப்பட்டது. பாம்பு தன் நஞ்சால் சாவதில்லை, ஆகவே அதன் உடலில் முறிவு இருக்க வேண்டும் என்பது அக்காலக் கருத்து.

காலன் என்னும் மருத்துவர் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியசுக்கு இதைத் தயாரித்துக் கொடுத்தார். அவர் பெயரில் வழங்கும் நூலொன்றில், மருந்து கொடுத்த சேவல்களையும் கொடுக்காத சேவல்களையும் பாம்பு கடிக்கவிட்டு ஒப்பிட்ட சோதனை ஒன்று வருகிறது. முடிவை நம்ப இயலாவிட்டாலும் முறை பாராட்டத்தக்கது.

இடைக்காலத்தில் அரபு மருத்துவர்கள் இதைத் ‘திரியாக்’ என்றனர். எகிப்தில் மைமோனிடிஸ் 1199 இல் நஞ்சுகள் பற்றி எழுதிய நூலில், கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டி, நஞ்சை உறிஞ்சி எடுக்கச் சொல்கிறார். இவ்விரண்டையும் இன்றைய மருத்துவர்கள் செய்யக் கூடாது என்கின்றனர். வெனிஸ் நகரில் கலப்படத்தைத் தடுக்க, தெரியாக்கை அதிகாரிகள் முன்னிலையில் வெளிப்படையாகவே காய்ச்சினர். கொள்ளைநோய்க்கும் இதையே கொடுத்தனர். அபின் வலியை அடக்கியதால் நோயாளிக்குக் குணமானதுபோல் தோன்றியிருக்கும்.

1745 இல் வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர் இம்மருந்தின் பயனின்மையை எடுத்துரைத்தார். 1788 இல் லண்டன் மருந்து நூலிலிருந்து அது நீக்கப்பட்டது.

1890களில் பிரெஞ்சு அறிவியலாளர் ஆல்பர்ட் கால்மெட், நாகப்பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாக விலங்குகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தநீரிலிருந்து முறிமருந்து எடுத்தார். வாத்து இரத்தத்தோடு இதற்குள்ள ஒற்றுமை தற்செயலானது. தின்ற நஞ்சு இரத்தத்தில் இத்தகைய எதிர்ப்பொருளை உண்டாக்குவதில்லை. எனினும் 64 பொருள்களுள் ஒன்றும் தராத பயனை, குதிரையின் இரத்தநீர் தந்தது.