800 லீக் குறுக்கு வழி

பிரெஞ்சு வழியில் படித்ததால் எனக்குக் கிடைத்த லாபங்களில் ஒன்று, பழைய பிரெஞ்சுக் கடற்பயணக் குறிப்புகளை மொழிபெயர்ப்பின் துணையின்றிப் படிக்க முடிவது. அவற்றில் நம் கரையோடு சம்பந்தப்பட்ட ஒன்றை அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

1770-இல் பிரெஸ்ட் நகரில் ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் கடற்படை அதிகாரி ஷெவாலியே கிரெனியே. அன்று 'இல் தெ பிரான்ஸ்' எனப்பட்ட மொரீஷியசிலிருந்து சோழமண்டலக் கரைக்கு வரும் பயணத்தில் 800 லீக் குறைக்கும் வழியைக் கண்டதாகத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். ஒரு கடல் லீக் ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 4,400 கிலோமீட்டர் மிச்சம்!

மற்றவர்கள் ஏன் சுற்றிப் போனார்கள்? பருவக்காற்று ஒரு காரணம். இன்னொன்று, இடையில் கிடந்த திட்டுகளும் பவளப் பாறைகளும். சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகையை அறிய முடிந்தது, தீர்க்கரேகைதான் சிக்கல். பாறை இருப்பது தெரியும், சரியாக எங்கே என்று தெரியாது. அதனால்தான் 1769-இல் 'லேர் த்யு பெர்ஜே' என்ற கப்பலில் கிரெனியே புறப்பட்டபோது, தீர்க்கரேகைகளைக் கணித்துச் சொல்ல அபே ரோஷோன் என்ற வானியலாளரும் உடன் சென்றார். வழியைப் பற்றி இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அரசு சும்மா இருக்கவில்லை. 1771-இல் கெர்கெலெனை அனுப்பி, அந்த வழியில் கப்பலோட்டிச் சோதிக்கச் சொன்னது. தாளில் போட்ட கோட்டை அன்று யாரும் அப்படியே நம்பவில்லை.

இப்போது 2014-க்கு வருவோம். உலகைச் சுற்றும் வோல்வோ பாய்மரப் படகுப் போட்டியில், கேப் டவுனிலிருந்து அபுதாபிக்குப் போய்க்கொண்டிருந்த 'வெஸ்டாஸ் விண்ட்' என்ற படகு, நவம்பர் 29 இரவு, மொரீஷியசுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஜோஸ் பாறைத்திட்டில் மோதியது. ஒன்பது பேரும் உயிர் பிழைத்தனர். படகில் மின்னணு வரைபடம், வழித்திட்ட மென்பொருள், செயற்கைக்கோள் வசதி எல்லாம் இருந்தன. பல நூறு ஆண்டுகளாகத் தெரிந்த பாறைதான் அது. வரைபடத்திலும் இருந்தது. ஆனால் பெரிய பரப்பை ஒரே திரையில் பார்க்கும்போது, அவ்விடம் சுமார் 40 மீட்டர் ஆழமுள்ள கடலடி மேடு போல மட்டுமே தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்திருந்தால்தான் பாறை தென்பட்டிருக்கும்.

காகித வரைபடத்தில் வரைந்த பாறை அங்கேயே இருக்கும். தேவையான அளவில் வரைந்த தாளை விரித்தால் கண்ணில் படாமல் போகாது. திரையிலோ, நாம் கேட்டால்தான் அது காட்டும். கிரெனியே காலத்தில் ஆபத்து, அறியாமையால் வந்தது. இன்று, அறிந்தது கண்ணுக்குத் தெரியாமல் போவதால் வருகிறது.

இன்று நம் மீனவர் படகுகளிலும் ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. நல்லதுதான். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கருவி கோடு போட்டுக் கொடுக்கும். புறப்படும் முன்பே அந்தக் கோட்டின் மேல் தொடக்கம் முதல் முடிவு வரை பெரிதாக்கிப் பார்ப்பது மனிதன் வேலை. அந்த வேலைக்காகத்தான் அன்று ஒரு வானியலாளரையே கப்பலில் ஏற்றினார்கள்.