ஆறு புள்ளிகளில் ஓர் அரிச்சுவடி

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு, எழுத்து மாறுவதால் வரும் தடுமாற்றம் புதிதன்று. ஊரில் நாளிதழ் படித்தவர், கடிதம் எழுதியவர், கணக்குப் பார்த்தவர், தில்லியில் இரயிலை விட்டு இறங்கியதும் கடைப்பலகையைக்கூடப் படிக்க இயலாதவர் ஆகிவிடுகிறார். நல்லவேளையாக, அத்தடுமாற்றம் நெடுநாள் நீடிப்பதில்லை. தெருவெங்கும் எழுத்து இருப்பதால் பார்த்துப் பார்த்தே பழகிவிடுகிறோம். பிள்ளைகளோ நமக்கு முன்பே கற்றுக்கொண்டு நமக்கே படித்துக் காட்டுகிறார்கள்.

அக்குடும்பத்தில் கண்பார்வை இல்லாத பிள்ளை ஒன்று இருந்தால் என்ன செய்வது? தமிழகத்துப் பள்ளியில் விரலால் தடவிப் படிக்கப் பழகிய குழந்தையை மொழி தெரியாத ஊருக்கு அழைத்து வருவதா, அல்லது பாட்டி வீட்டிலேயே விட்டு வருவதா என்று பெற்றோர் கலங்குவது இயல்பே. அக்கலக்கத்தைத் தீர்க்கவல்ல ஏற்பாடு ஒன்று 1951ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் செய்யப்பட்டுவிட்டது. அதன் வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம்.

பார்வையற்றோர் விரலால் படிக்கும் எழுத்தை வகுத்தவர் பிரான்சு நாட்டின் லூயி பிரெயில். 1809இல் பிறந்த அவர், மூன்று வயதில், குதிரைச் சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது கருவியொன்று கண்ணில் குத்தியதால் படிப்படியாகப் பார்வையை இழந்தார். பாரிஸ் நகரின் பார்வையற்றோர் பள்ளியில் பயின்றபோது, ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்துகளை அமைக்கும் முறையைக் கண்டார். 1829இல் அதனை நூலாக வெளியிட்டார். இரண்டு வரிசைகளில் மும்மூன்றாக ஆறு இடங்கள். அவற்றுள் எவ்வெவ்விடத்தில் புள்ளி மேலெழும்பி நிற்கிறதோ அதற்கேற்ப எழுத்து மாறும். இவ்வாறு 63 வடிவங்கள் கிடைக்கின்றன. விரல்நுனி ஒரே தொடுதலில் ஒரு வடிவத்தை அறிந்துகொள்ளும்.

நம் நாட்டில் பார்வையற்ற குழந்தைகளுக்கான முதற்பள்ளி 1887இல் அமிர்தசரஸ் நகரில் ஆனி ஷார்ப் அம்மையாரால் தொடங்கப்பெற்றது. தமிழகத்தில், பாளையங்கோட்டையில், ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பள்ளி தொடங்கினார். கல்கத்தாவில் லால் பிகாரி ஷா 1897இலும், பம்பாயில் மில்லார்டு அம்மையார் 1900இலும் பள்ளிகளை நிறுவினர். இவர்கள் செய்த தொண்டு பெரிது. படிப்புக்கு உதவாதவர் என்று வீட்டின் ஒரு மூலையில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளின் மடியில் இவர்கள் புத்தகத்தை வைத்தார்கள்.

ஆயினும் இத்தொண்டில் ஒரு சிக்கலும் உடன் வளர்ந்தது. பிரெயிலின் புள்ளிகள் பிரெஞ்சு எழுத்துகளுக்காக அமைந்தவை. அவற்றை இந்திய மொழிகளுக்குப் பொருத்த முனைந்தவர்கள் அவரவர் அறிவுக்கு எட்டியவாறு பொருத்தினார்கள். லால் பிகாரி ஷா வகுத்தது ஒரு முறை. நோல்ஸ், கார்த்வெயிட் ஆகிய இருவரும் வகுத்தது மற்றொரு முறை. இவ்வாறு, நாடு விடுதலை பெறும் வேளையில் பத்துக்கு மேற்பட்ட முறைகள் வழக்கில் இருந்தன. ஒரே மொழிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் வழங்கியதும் உண்டு.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு முறையில் நன்கு படித்த சிறுவன், வேறு முறை வழங்கும் ஊருக்குச் சென்றால், விரலுக்குப் பழகிய அதே புள்ளிகள் அங்கே வேறு ஒலிகளைக் குறிக்கும். அவன் மறுபடியும் எழுத்தறியாதவன் ஆகிவிடுவான். ஒவ்வொரு முறையிலும் படிப்பவர் சிலரே என்பதால் புத்தகம் அச்சிடுவதும் கட்டுப்படியாகாது. குறை பிள்ளையின் கண்ணில் மட்டும் இருக்கவில்லை. பெரியவர்கள் செய்துவைத்த ஏற்பாட்டிலும் இருந்தது.

இதனை உணர்ந்த மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் 1941இல் ஒரு குழுவை அமைத்தது. அதன் முயற்சியால் பொது முறையொன்று உருவாயிற்று. ஆனால் அது உலகில் வழங்கும் பிரெயிலிலிருந்து விலகிச் சென்றது என்று படித்த பார்வையற்றோர் பலர் குறை கூறினர். 1949இல் இந்திய அரசு இச்சிக்கலை யுனெஸ்கோ அமைப்பிடம் எடுத்துச் சென்றது. ஆலோசகராக அமர்த்தப்பட்டவர் நியூசிலாந்துக்காரரான சர் குளூதா மெக்கன்சி. 1915இல் கலிப்போலிப் போரில் பார்வையை இழந்த அவர், இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த நம் படைவீரர்களுக்காக டேராடூனில் அமைந்த இல்லத்தை நடத்திய அனுபவமும் உடையவர். பாரிஸிலும் பெய்ரூட்டிலும் கூட்டங்கள் நடைபெற்றன. முடிவில், 1951இல், இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகமும் தோன்றியது.

இம்முறையின் அடிப்படை எளிது: ஒலி ஒன்றாயின், புள்ளியும் ஒன்று. தமிழின் க, இந்தியின் க, வங்காளத்தின் க ஆகிய மூன்றும் கண்ணுக்கு வெவ்வேறு வடிவங்கள். விரலுக்கு அவை ஒன்றே. ஆங்கிலத்தின் கே எழுத்துக்கும் அதே புள்ளிகள்தாம். உயிர்மெய்யும் எளிதாகவே அமைந்துள்ளது. அச்சில் ‘கொ’ என்று எழுதும்போது மெய்க்கு முன்னும் பின்னும் குறிகள் நிற்கின்றன. பிரெயிலில் ‘க’வை அடுத்து ‘ஒ’ வரும், அவ்வளவே. தமிழுக்கே சிறப்பான ழகரம், றகரம், னகரம் ஆகியவற்றுக்கும் தனித்தனி இடம் உண்டு.

இதனால் விளைந்த நன்மை வியப்புக்குரியது. தமிழ்க் குடும்பம் ஒன்று தில்லிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வையுள்ள அண்ணன் இந்தி எழுத்துகளின் வடிவங்களை முதலிலிருந்து கற்க வேண்டும். பார்வையற்ற தம்பிக்கோ அவ்வெழுத்துகளில் பெரும்பகுதி முன்பே விரல்நுனியில் இருக்கிறது. தமிழில் இல்லாத ஒலிகளுக்கு உரிய சில எழுத்துகளையும், மொழியையும் கற்றால் போதும். மொழி புதிதாயினும் எழுத்து புதிதன்று. ஆதலின் அப்பிள்ளையை ஊரிலேயே விட்டு வருவதற்கு எழுத்து ஒரு காரணம் ஆகாது.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் தனியொரு மகிழ்ச்சி உண்டு. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் அமைப்பதில் நாம் படும் பாடு நமக்குத் தெரியும். இங்கே பாலத்தின் ஒரு பாதியை முன்னோர் கட்டி வைத்துவிட்டார்கள். மறுபாதியைப் பள்ளியும் வீடும் கட்ட வேண்டும்.

பள்ளியின் கடமையை இன்று சட்டமே வகுத்துள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ளதெனச் சான்று பெற்ற பிள்ளைகள் 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பொதுப்பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ, இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. புத்தகமும் துணைக்கருவிகளும் இலவசமாகத் தரப்பட வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளும் அச்சட்டத்தில் குறிக்கப்பட்டுள்ளன. விலக்கு தேவைப்படும் பிள்ளைக்கு அது உதவும். ஆனால் புதிய மொழியைக் கற்க ஆவலுள்ள பிள்ளைக்கு முதலில் கேட்க வேண்டியது பிரெயில் புத்தகமே.

வீட்டின் கடமையோ சட்டத்தில் இல்லை. அதை நாமே உணர வேண்டும். தாயோ தந்தையோ பிரெயில் கற்பதில் பெருந்தடை ஏதும் இல்லை. நமக்குக் கண் இருப்பதால் புள்ளிகளைப் பார்த்தே படித்துவிடலாம். துளைகளிட்ட சட்டத்தில் காகிதத்தைப் பொருத்தி, ஊசியால் அழுத்தி எழுதவேண்டும். புள்ளி மறுபுறம் எழும்புவதால், எழுதுவது வலமிருந்து இடம். காகிதத்தைத் திருப்பிப் படிப்பது இடமிருந்து வலம். அரிசி டப்பாவிலும் பருப்பு டப்பாவிலும் பெயரெழுதி ஒட்டினால், சமையலறையே பாடசாலை ஆகிவிடும்.

எழுத்தைக் குரலாக மாற்றிப் படித்துக் காட்டும் கருவிகள் வந்துவிட்ட இந்நாளில் பிரெயில் எதற்கு என்று சிலர் வினவலாம். கருவிகள் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘நகரம்’ என்பதில் வரும் ந எது, ‘மனம்’ என்பதில் வரும் ன எது என்பதைக் காதால் கேட்டு அறிய முடியுமா? நம்மில் பலர் அவ்விரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கிறோம். விரல் தொட்டுப் படித்தால்தான் அவை வெவ்வேறு எழுத்துகள் என்பது விளங்கும். கதை கேட்கும் பிள்ளை வேறு. எழுத்தறிந்து பிழையின்றி எழுதும் பிள்ளை வேறு.

வெளிமாநிலத்தில் நம் பிள்ளைகள் தமிழை மறந்துவிடலாகாது என்று ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறோம். தமிழ்ச் சங்கங்களில் நூலகம் வைக்கிறோம். அந்த வகுப்பில் ஒரு பிரெயில் சட்டமும், அந்த நூலகத்தில் ஒரு பிரெயில் தமிழ்ப் பாடநூலும் உள்ளனவா என்று அடுத்த ஞாயிறன்று பார்த்து வருவோம். இல்லையென்றால் வாங்கி வைப்போம். அங்கு வந்து சேரும் பிள்ளை ஒன்றேயாயினும், அது நம் பிள்ளை அன்றோ?