குறுக்குப் பேச்சு: கம்பத்திலிருந்து போர்டுக்கு

1877-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் தொலைபேசியைக் காதில் வைத்தவர்களுக்குப் பாட்டுக் கேட்டது. அவர்களுடைய கம்பியில் யாரும் பாடவில்லை. எடிசனின் இசைத் தொலைபேசியைக் கொண்டு நியூயார்க்கிலிருந்து சரடோகாவுக்கு அனுப்பிய கச்சேரி அது. வழியில் அருகருகே ஓடிய தந்திக் கம்பிகளில் தொற்றி, அங்கிருந்து இந்தக் கம்பிக்கும் தாவியிருந்தது. கிரஹாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. கருவி பிறந்த கையோடு குறுக்குப் பேச்சும் பிறந்துவிட்டது.

அன்றைய தொலைபேசிக்கு ஒரே கம்பி. போன மின்னோட்டம் தந்தியில் போலவே மண் வழியாகத் திரும்பியது. மண்ணில் அதற்கென்று தனிப்பாதை கிடையாது. ஊரிலுள்ள எல்லாக் கம்பிகளின் திரும்பு மின்னோட்டமும் அங்கே பரவிக் கிடந்தது. போகும் வழிக்கும் திரும்பும் வழிக்கும் நடுவே அவ்வளவு பெரிய வளையம் இருந்தால், அதன் காந்தப்புலம் பக்கத்துக் கம்பியையும் சேர்த்துத்தான் வளைக்கும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் நூறு ஆண்டுக் கதையும் விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

பெல்லே மருந்தும் கண்டார். 1881 ஜூலையில் அவருக்குக் கிடைத்த காப்புரிமை இரண்டு கம்பிகளை முறுக்கி ஒரு சுற்றாக்குவது பற்றியது. ஒன்று போக, ஒன்று திரும்ப. முறுக்கும்போது இரண்டும் மாறி மாறி அண்டைக் கம்பிக்கு அருகில் வருவதால், ஒரு முறுக்கில் ஏறிய தொல்லை அடுத்த முறுக்கில் கழிந்துவிடும். கம்பங்களில் திறந்தவெளியில் ஓடிய கம்பிகளை முறுக்க முடியாது. அங்கே சில கம்பங்களுக்கு ஒருமுறை இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிக் கட்டினார்கள்.

ஜான் கார்ட்டி என்ற பொறியாளர் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. தொல்லைக்கு ஆளாகும் கம்பியின் நட்டநடுவில் ஒரு தொலைபேசியைத் தொடராக இணைத்துக் கேட்டார். அங்கே சத்தமே இல்லை. இரண்டு முனைகளிலோ கேட்டது. காந்தத் தூண்டல் மட்டுமே காரணமென்றால் மின்னோட்டம் கம்பி முழுக்க ஒரே திசையில் ஓடியிருக்க வேண்டும், நடுவிலும் கேட்டிருக்க வேண்டும். மின்புலத்தால் நுழைந்த மின்னோட்டம் இரு பக்கமும் பிரிந்து போவதால்தான் நடுப்புள்ளி மௌனமானது. ஆக, தாவும் வழிகள் இரண்டு: கம்பிகளுக்கு இடையிலான கெபாசிட்டன்ஸ், அவற்றைப் பிணைக்கும் காந்தப்புலம். இன்று மின்சுற்று போர்டு வடிவமைப்பவர் போடும் கணக்கும் இந்த இரண்டின் கூட்டல் கழித்தல்தான்.

நம் ஊரில் டிரங்க் கால் காலத்தைக் கண்டவர்களுக்கு 'க்ராஸ் டாக்' புதிதல்ல. கேபிளுக்குள் மழைநீர் இறங்கினால் யாரோ வீட்டுக் கல்யாணப் பேச்சு நம் காதில் விழும்.

இனி கம்பத்திலிருந்து போர்டுக்கு. வியன்னாவில் பிறந்து 1936-இல் இங்கிலாந்துக்கு வந்த பால் ஐஸ்லர், செம்புத் தகட்டை அரித்து மின்சுற்றை உருவாக்கும் முறைக்கு 1943-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கம்பி தட்டையாகி அட்டையில் ஒட்டிக்கொண்டது. பெல்லின் முறுக்கு இங்கே பலிக்காது, செம்புத் தடம் போட்ட இடத்தில் போட்டபடி கிடக்கும். ஆனால் அன்றைய வானொலிச் சுற்றுகளில் மின்னழுத்தம் நிதானமாக ஏறி இறங்கியதால், தடங்கள் விரற்கடை தூரத்தில் ஓடியும் பெரிதாகத் தொல்லை இல்லை.

தொல்லை வேகமான லாஜிக் சில்லுகளோடு வந்தது. 1968-இல் மோட்டரோலா கொண்டுவந்த மெக்கல்-3 வரிசையில் சிக்னல் ஒரு நானோ நொடியில் ஏறிவிடும். அதை நம்பிக்கையோடு போர்டில் ஓட்டுவது பலருக்குச் சிரமமாக இருந்தது. 1971-இல் வந்த மெக்கல் 10,000 வரிசையில் ஏறும் நேரத்தை வேண்டுமென்றே மூன்றரை நானோ நொடி அளவுக்கு நீட்டினார்கள். குறுக்குப் பேச்சைத் தீர்மானிப்பது கிளாக் வேகம் அல்ல, ஏறும் நேரம் என்பதை அந்த முடிவு அப்பட்டமாகக் காட்டுகிறது. பத்து மெகாஹெர்ட்ஸ்தானே என்று அலட்சியமாக இருப்பவர்களை இன்றும் பார்க்கலாம். சில்லின் விளிம்பு அரை நானோ நொடியில் ஏறினால், கிளாக் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் பக்கத்துத் தடத்துக்கு அடி ஒன்றுதான்.

முறுக்க முடியாத தடத்துக்கு இணை கொடுத்தது கிரவுண்ட் பிளேன். தடத்துக்கு அடியில் முழுச் செம்புத் தளம் இருந்தால், வேகமான மின்னோட்டம் அதில் தடத்தின் நேர்கீழேயே திரும்பி வரும். வளையம் சிறுக்கும் பாதை அதுதான். பக்கவாட்டில் விலக விலக அதன் அடர்த்தி சட்டென்று குறைகிறது. ஹோவர்ட் ஜான்சனும் மார்ட்டின் கிரஹாமும் 1993-இல் வெளியிட்ட கையேட்டில் இதிலிருந்தே ஒரு மதிப்பீடு தருகிறார்கள்: இரு தடங்களின் மையங்களுக்கு இடையிலான தூரத்தைத் தளத்துக்கு மேலான உயரத்தால் வகுக்க வேண்டும், விடையை வர்க்கமாக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும், ஒன்றை அதனால் வகுத்தால் வருவதே குறுக்குப் பேச்சின் உச்சவரம்பு.

போட்டுப் பார்ப்போம். தூரம் 0.4 மி.மீ., உயரம் 0.2 மி.மீ. என்றால் விகிதம் 2. வர்க்கம் 4, ஒன்றைக் கூட்டினால் 5. வரம்பு 20 சதவீதம். தூரத்தை 0.8 ஆக்கினால் 17-இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 6 சதவீதம். தடங்களை நகர்த்த இடமில்லையா? தளத்தை 0.1 மி.மீ. அருகே கொண்டுவந்தாலும் அதே 6 சதவீதம்தான். மின்மறுப்பு குறையாமலிருக்கத் தடத்தின் அகலத்தை மட்டும் குறைக்க வேண்டியிருக்கும்.

மையத்துக்கு மையம் தட அகலத்தைப் போல் மூன்று மடங்கு விட்டால் போதும் என்ற பழைய விதியை நான் நம்புவதில்லை. அகலம் 0.2, தூரம் 0.6 என்று விதிப்படியே வையுங்கள். தளம் 0.1 மி.மீ. கீழே இருந்தால் வரம்பு 3 சதவீதத்துக்கும் குறைவு. 0.4 மி.மீ. கீழே இருந்தால் 31 சதவீதம். விதியில் உயரமே இல்லை!

அந்த வரம்பை எவ்வளவு தொடும் என்பது, தடங்கள் எவ்வளவு நீளத்துக்குச் சேர்ந்து ஓடுகின்றன என்பதைப் பொறுத்தது. சிக்னல் கிளம்பும் பக்கத்து முனையில் கெபாசிட்டன்ஸும் காந்தமும் தரும் தொல்லைகள் கூடுகின்றன. சாதாரண எஃப்ஆர்-4 போர்டில் சிக்னல் நானோ நொடிக்குச் சுமார் 15 செ.மீ. போகும். ஏறும் நேரம் ஒரு நானோ நொடி என்றால் 7.5 செ.மீ.க்கு மேல் இந்த முனையின் தொல்லை உயராது, நேரத்தில்தான் நீளும். எதிர் முனையில் இரண்டும் ஒன்றையொன்று கழிக்கின்றன. இரு தளங்களுக்கு நடுவே புதைந்த தடத்தில் ஏறக்குறைய முழுதும் கழிந்துவிடும். மேற்பரப்புத் தடத்தில் மின்புலத்தின் ஒரு பகுதி காற்றில் இருப்பதால் கழிவு முழுமையாவதில்லை. அந்த மிச்சம் நீளத்தோடு வளர்ந்துகொண்டே போகும். நீண்ட இணைத்தடங்களை உள் அடுக்குக்கு அனுப்பச் சொல்வது இதற்காகத்தான்.

தளத்தில் குறுக்கே ஒரு வெட்டு விழுந்துவிட்டால் மேலே போட்ட கணக்கு எதுவும் செல்லாது. திரும்பு மின்னோட்டம் வெட்டைச் சுற்றிப் போகும், அதைக் கடக்கும் எல்லாத் தடங்களும் ஒரே சுற்றுவழியைப் பங்கிடும். பிராவிடன்ஸ் காலத்து மண் போர்டுக்குள் வந்த மாதிரிதான். இடைவெளியை மைக்ரான் கணக்கில் அளப்பவர்கள்கூட இந்த வெட்டைக் கவனிக்காமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

இப்போது தொல்லை பெரும்பாலும் குடியிருப்பது கனெக்டர் ஊசிகளிலும் அடுக்குகளைத் துளைத்து இறங்கும் வியாக்களிலும். அங்கே சீரான தளம் கிடையாது, காகிதக் கணக்கு போதாது, புலத்தையே கணினியில் தீர்க்க வேண்டும். டேட்டா சென்டர் இணைப்புகளில் இரண்டு நிலைகளுக்குப் பதில் நான்கு மின்னழுத்த நிலைகளைப் பயன்படுத்துகிறார்கள். அடுத்தடுத்த நிலைகளுக்கு நடுவே முழு வீச்சில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. முன்பு பொருட்படுத்தாமல் விட்ட 3 சதவீதம், அந்த இடைவெளியில் 9 சதவீதம்.