நோயாளியின் உடலே மூலப்பொருள்: மும்பையின் கார்-டி சிகிச்சையும் நகரத்தின் ஏற்றத்தாழ்வும்

முன்னுரை

2023 அக்டோபரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு இரத்தப் புற்றுநோய்க்கான நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு ஒப்புதல் வழங்கியது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கி, இம்யூனோஆக்ட் நிறுவனம் தயாரித்தளிக்கும் இதுவே இந்தியாவில் உருவாகி ஒப்புதல் பெற்ற முதல் கார்-டி சிகிச்சை. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு போவாயில் இதைத் தொடங்கிவைத்தார். இதைப் பற்றிய விவாதத்தில் விலையே முன்னிற்கிறது. 2017இல் அமெரிக்காவில் கிம்ரியா என்ற கார்-டி சிகிச்சை 4,75,000 டாலருக்கு வந்தது. நெக்ஸ்கார்19 ஏறத்தாழ 30 முதல் 40 லட்சம் ரூபாய். பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிய இந்த விலை, போற்றத்தக்க சாதனை.

ஆனால் ஏற்றத்தாழ்வை விலையால் மட்டும் அளப்பது இந்தச் சிகிச்சைக்குப் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் வாதம். மாத்திரை என்றால் ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே மருந்துதான். கார்-டி சிகிச்சையிலோ நோயாளியின் சொந்தச் செல்களே மூலப்பொருள். ஆகவே அவர் வாழ்ந்த இடம், முன்பு பெற்ற சிகிச்சை, மருத்துவமனையை வந்தடைய ஆன தாமதம் ஆகியவையும் மருந்துக்குள் நுழைந்துவிடுகின்றன.

புரதத்தின் அமைப்பு

டி செல்கள் கிருமி தொற்றிய செல்களையும் இயல்பு திரிந்த செல்களையும் தேடி அழிப்பவை. புற்றுநோய்ச் செல்கள் பல வழிகளில் அவற்றிடமிருந்து தப்பிவிடுகின்றன. எதிர்ப்பொருளின் இனங்காணும் பகுதியை டி செல்லின் ஏற்பியோடு இணைக்க முடியும் என்பதை இஸ்ரேலில் செலிக் எஷ்ஹார் குழு 1989இல் காட்டியது. இப்படிப் பிறந்த ‘கார்’ ஏற்பி இயற்கையில் எங்கும் இல்லாத புரதம். செல்லுக்கு வெளியே நீளும் அதன் முனை, பி செல்களின் மேற்பரப்பில் உள்ள சிடி19 என்னும் புரதத்தைப் பற்றுகிறது. உள்ளே இருக்கும் பகுதிகள் தாக்கவும் பெருகவும் நிலைத்திருக்கவும் செல்லைத் தூண்டுகின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் குழு உருவாக்கிய இத்தகைய செல்களை 2012இல் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமி பெற்றுக் குணமடைந்தார். உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

மும்பையில் ராகுல் புர்வார் தலைமையிலான ஆய்வகமும், டாடா மையத்தின் மருத்துவர்கள் கௌரவ் நருலா, ஹஸ்முக் ஜெயின் ஆகியோரும் செய்த முக்கியத் திருத்தம் ஒன்று உண்டு. பழைய ஏற்பிகளின் இனங்காணும் முனை எலியின் எதிர்ப்பொருளிலிருந்து வந்தது. அதை மனிதப் புரதத்தை ஒத்ததாக மாற்றியமைத்தால், நோயாளியின் உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்க்கும் வாய்ப்பு குறையும். மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் லென்டிவைரஸையும் இங்கேயே தயாரித்தார்கள். இறக்குமதி செய்திருந்தால் அது செலவைப் பெரிதும் கூட்டியிருக்கும். 2021 ஜூன் 4 அன்று கார்கரில் உள்ள டாடா மையத்தின் ஆக்ட்ரெக் வளாகத்தில் முதல் நோயாளிக்கு இந்தச் செல்கள் செலுத்தப்பட்டன. 2025இல் லான்செட் ஹீமட்டாலஜி இதழில் வெளியான ஆய்வில் 64 பேர் இடம்பெற்றனர். பலன் மதிப்பிடப்பட்ட 51 பேரில் 73 விழுக்காட்டினருக்கு நோய் பின்வாங்கியது. மற்ற சிகிச்சைகள் கைவிட்ட நோயாளிகளிடம் கிடைத்த பலன் இது.

மூலப்பொருளின் வரலாறு

சிகிச்சை தொடங்குவது நோயாளியின் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுப்பதில். ஆய்வகத்தில் மாற்றிப் பெருக்கிய பின் அவை அவருக்கே திரும்புகின்றன. எடுக்கும் செல்கள் எவ்வளவு இளமையானவையோ அவ்வளவுக்கு அவை உடலில் நிலைக்கும். கீமோதெரபிச் சுற்றுகள் கூடக் கூட இளம் டி செல்கள் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. லிம்போமாவுக்குப் பரவலாகத் தரப்படும் பெண்டமஸ்டின் என்ற கீமோதெரபி மருந்து, செல் எடுப்பதற்குச் சற்று முன் கொடுக்கப்பட்டால் பலன் குறைவதும் பதிவாகியுள்ளது.

இப்போது இரு நோயாளிகளைக் கருதுவோம். ஒருவருக்கு நோய் திரும்பியதும் குருதியியல் நிபுணரைக் காண முடிகிறது. இன்னொருவர் கழுத்துக் கட்டியைக் காசநோய் என்று தவறாகக் கருதி அதற்கான மருந்தைப் பல மாதம் உண்டு, பிறகு கிடைத்த கீமோதெரபிகளையெல்லாம் கடந்து, கடைசியில் இந்தச் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்படுகிறார். இருவருக்கும் ஒரே ஏற்பி, ஒரே தொழிற்கூடம், ஒரே கட்டணம் என்றாலும், திரும்பிவரும் செல்கள் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. கட்டணம் முழுவதையும் அரசே ஏற்றாலும் இந்த வேறுபாடு அப்படியே நிற்கும்.

தாராவியிலிருந்து பரேலுக்கு

தாராவிக்காரர் சயானில் ரயில் ஏறினால் மாட்டுங்கா, தாதர், அடுத்தது பரேல். அங்கே 1941 முதல் டாடா மருத்துவமனை இயங்குகிறது. செம்பூரிலிருந்து ஹார்பர் வழியில் வாஷியைக் கடந்தால் கார்கர். அணுசக்தித் துறை 1962 முதல் டாடா மையத்தைப் பேணிவருகிறது. வேலூர், அடையாறு மருத்துவமனைகளுக்கு நெடுந்தூரம் செல்லும் நோயாளிகளோடு ஒப்பிட்டால் மும்பைவாசிகளுக்குத் தூரம் தடையே இல்லை. தடைகள் வேறு இடத்தில் உள்ளன.

லான்செட் ஹீமட்டாலஜி ஆய்வில் 96 விழுக்காட்டினருக்கு நியூட்ரோஃபில் அணுக்கள் கடுமையாகக் குறைந்தன. அந்த வாரங்களில் சாதாரணத் தொற்றும் உயிருக்கு ஆபத்து. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் உறங்கி, பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் குடியிருப்புக்கு நோயாளியை எப்படி அனுப்புவது? சிடி19 உள்ள நல்ல பி செல்களும் அழிவதால் எதிர்ப்பொருள் சுரப்பு மாதக்கணக்கில் தாழ்ந்திருக்கும். காசநோய் மிகுந்த தாராவியில், பக்கவிளைவுகளை அடக்கத் தரும் ஸ்டீராய்டு உறங்கும் காசநோயைத் தட்டியெழுப்பக்கூடும். நாட்கூலியில் வாழும் குடும்பத்தில் நோயாளியோடு துணையிருப்பவரின் வருமானமும் நின்றுபோகும். ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அது சிகிச்சைக் கட்டணத்துக்கே போதாது. வாடகை அறைக்கும் இழந்த கூலிக்கும் எங்கே எட்டும்?

ஒரு மறுப்பு

சில நூறு பேருக்கான சிகிச்சையில் இத்தனை முதலீடு ஏன் என்பது வலுவான கேள்வி. வாய், மார்பு, கருப்பை வாய்ப் புற்றுநோய்களே இங்கு மிகுதி. நெக்ஸ்கார்19 பி செல் புற்றுகளுக்கு மட்டுமே உரியது. இதற்கான விடையும் டாடா மையத்தின் வரலாற்றிலேயே உள்ளது. சுரேந்திர சாஸ்திரி தலைமையிலான குழு, 1998இல் தொடங்கி மும்பைக் குடிசைப் பகுதிகளில் சுமார் 1,50,000 பெண்களிடையே ஆய்வு நடத்தியது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் நீர்த்த வினிகரைத் தடவிக் கருப்பை வாயைப் பரிசோதித்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி அப்புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது.

வினிகரும் வடிவமைத்த புரதமும் ஒன்றுக்கொன்று போட்டி என்று எண்ணுவது தவறு. இரண்டுக்கும் தேவைப்படுவது ஒரே வலைப்பின்னல்: வீடு தேடிப் போகும் பணியாளர், உரிய நேரத்தில் பரிந்துரைக்கும் மருத்துவர், சிகிச்சைக்குப் பின்னும் கைவிடாத கண்காணிப்பு. முன்னதற்காகக் கட்டிய பாதையில்தான் பின்னதும் ஏழை வீட்டை அடைய முடியும்.

முடிவுரை

செலவைக் குறைக்கும் வழிகளை அறிவியல் தேடிக்கொண்டே இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த வெல்கார்ட் ஆய்வு, தானியங்கிக் கருவியால் மருத்துவமனைக்குள்ளேயே சுமார் 9 நாட்களில் இச்செல்களைத் தயாரிக்கலாம் என்று காட்டியது. காத்திருப்பு குறைவதும் நீதிதான்.

அதோடு நான்கு செயல்கள் உடன் தேவை. நோய் திரும்பும் அபாயம் மிகுந்தவர்களின் டி செல்களைக் கடும் கீமோதெரபிக்கு முன்பே எடுத்து உறையவைக்கப் பொதுநிதி வேண்டும். 2012இல் உருவான தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு, எப்போது பரிந்துரைப்பது என்பதற்குப் பொது நெறி வகுக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும், செல் செலுத்திய பின் மருத்துவமனை அருகே தங்கும் வசதியும், துணையிருப்பவரின் கூலி இழப்பும் சிகிச்சைச் செலவில் சேர வேண்டும். ஒவ்வொரு நோயாளியின் பலனும் அவர் வருமானம், வாழிடம், பரிந்துரைக்கு ஆன காலம் ஆகியவற்றோடு பதிவாகி வெளியிடப்பட வேண்டும்; இக்கட்டுரையின் கருதுகோளைச் சோதிக்கவும் அந்தத் தரவே வழி. பொதுப் பணத்தில் வளர்ந்த நிறுவனங்களின் அறிவில் விளைந்த இந்தச் செல்கள், அந்தப் பணத்துக்கு வரி கொடுத்த தாராவியின் தொழிலாளிக்கும் அதே வீரியத்தோடு கிடைக்கும்போதுதான் விலைக் குறைப்பு முழுமை பெறும்.